பட்டியலில் இல்லாத மனைவி

“இன்னைக்கு உனக்கு அடுப்படி வேலையே இல்லையே” என்றார் கணவர், தட்டில் ஜஹ்னூனை எடுத்து வைத்துக்கொண்டே. சனிக்கிழமை காலை, அம்பத்தூரில் எங்கள் வீடு.

ஜஹ்னூன் ஏமன் யூதர்களின் ஓய்வுநாள் காலை உணவு. மாவைப் பிசைந்து ஊறவிட்டு, வீச்சு பரோட்டாவுக்கு இழுப்பதுபோல மெல்லிதாக இழுத்து, வெண்ணெய் தடவிச் சுருட்டி, பாத்திரத்தில் நெருக்கி அடுக்கி, மூடி, இரவெல்லாம் ஓவனில் இளஞ்சூட்டில் விட வேண்டும். காலையில் பழுப்பேறியிருக்கும். தொட்டுக்கொள்ளத் துருவிய தக்காளி, காரத் துவையல். கூடவே அவித்த முட்டை. வெள்ளி மாலை கல்லூரியிலிருந்து வந்து அடுப்படியில் நின்றவள் ஒன்பது மணிக்குத்தான் உட்கார்ந்தேன். கணவரின் கணக்கில் அந்த மணிகள் இல்லை.

யூதப் பெண்ணுக்கு ஒன்பது மணிவரை அவகாசமும் கிடையாது. வெள்ளியன்று சூரியன் மறைவதற்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அரைத்தல், சலித்தல், பிசைதல், சுடுதல், தீ மூட்டுதல், அணைத்தல் என ஓய்வுநாளில் விலக்கப்பட்ட வேலைவகைகள் 39. அடுப்பை நிறுத்தச் சொல்லும் சட்டமா என்று முதலில் பொறாமைப்பட்டேன். பிறகு விவிலியத்தில் யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தைப் பார்த்தேன். யாரெல்லாம் வேலை செய்யக் கூடாது? நீ, உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, உன் கால்நடை, உன் ஊரில் தங்கிய அந்நியன். வேலைக்காரிக்கும் மாட்டுக்கும் ஓய்வு தந்தது பெரிய சட்டம்தான். ஆனால் பட்டியலில் மனைவி இல்லை. அவள் ‘நீ’ என்பதற்குள் அடக்கம் என்று விளக்கம் சொல்வார்கள். ‘அடக்கம்’ என்ற சொல்லை நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டாம்.

கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்த பெனே இஸ்ரேல் யூதர்களை ‘சனிவார் தேலி’ என்று ஊர் அழைத்தது. சனிக்கிழமை வேலை செய்யாத எண்ணெய்க்காரர்கள். செக்கு நின்றது ஊருக்குத் தெரிந்தது. முதல்நாள் அடுப்படியில் நடந்ததற்கு ஊர் பெயர் வைக்கவில்லை.

நம் இட்லி மட்டும் என்ன? ஞாயிறு காலை ஆவி பறக்கத் தட்டில் விழுவது, சனி மதியம் ஊறப்போட்டு மாலையில் அரைத்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆறு நாள் தையல் மெஷின்முன் குனிந்தவள், ஏழாம் நாளுக்காக ஆறாம் நாள் இரவு மாவு கரைக்கிறாள். கிரைண்டர்தான் வந்துவிட்டதே என்கிறார்கள். கிரைண்டர் கல்லைச் சுற்றும். வீட்டில் உளுந்து தீர்ந்துபோனதை நினைவில் வைத்துக்கொள்ளாது.

வேலையை முதல்நாளுக்குத் தள்ளிவிட்டு அதற்கு ஓய்வு என்று பெயர் வைக்காதீர்கள். கை மாறினால்தான் ஓய்வு. பாரம்பரிய உணவு எனக்கும் பிடிக்கும். அது அழியக் கூடாது என்று மேடையில் உருகுகிறவர்கள், இந்தச் சனிக்கிழமை அரிசியை ஊறப்போடட்டும்.