சாட்சியையே விசாரிப்போம்

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பெண் ஓவியர்கள் பெரிதாகச் சோபிக்காததற்குத் திறமைக் குறைவே காரணமாம். தடை என்பதெல்லாம் பிற்காலத்துக் கட்டுக்கதையாம். இப்படி வாதிடுகிறவர்கள், தடை இருந்திருந்தால் இவர் எப்படிப் புகழ்பெற்றார் என்று கேட்டு, ஓவியர் எலிசபெத் தாம்சனைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். நல்லது, அவரையே விசாரிப்போம்.

1874இல் ராயல் அகாடமி கண்காட்சியில் அவருடைய ‘ரோல் கால்’ ஓவியத்தைப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது; காவலுக்குப் போலீஸ்காரரை நிறுத்த வேண்டியிருந்தது. விக்டோரியா மகாராணியே அதை வாங்கிக்கொண்டார். 1879இல் அகாடமி உறுப்பினர் தேர்தலில் தாம்சன் இரண்டே வாக்குகளில் தோற்கடிக்கப்பட்டார். இதற்கு மேல் என்ன திறமை வேண்டுமாம்? இத்தனைக்கும் 1768இல் அகாடமியை நிறுவியவர்களில் ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என இரண்டு பெண்கள் உண்டு. அடுத்து ஒரு பெண் முழு உறுப்பினரானது 1936இல்!

பயிற்சிக்கு வருவோம். லாரா ஹெர்ஃபோர்டு என்ற பெண்ணால், தன் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டு ஓவியங்களை அனுப்பித்தான் 1860இல் அகாடமிப் பள்ளிக்குள் நுழைய முடிந்தது. நுழைந்த பிறகும் ஆடையற்ற உடலைப் பார்த்து வரையும் வகுப்பு பெண்களுக்கு இல்லை. 1893இல்தான் அனுமதித்தார்கள், அதுவும் இடுப்பை மறைத்த மாடலோடு. அன்று உச்ச மதிப்பு வரலாற்று ஓவியத்துக்கு. உடற்கூறு கற்காமல் அதை எப்படி வரைவது? கற்கவும் விடாமல், ‘பெண்களுக்குப் பூவும் குழந்தையும்தான் வரும்’ என்று ஏளனம் வேறு.

காசு விஷயம் இன்னும் மோசம். 1870இல் சட்டம் வரும்வரை, மணமான பெண் படம் விற்றுச் சம்பாதித்த பணம் சட்டப்படி கணவனுடையது.