ஈக்காட்டுத்தாங்கல்: ஊர் ஒண்ணு, ஸ்பெல்லிங் எத்தனை?

ஈக்காட்டுத்தாங்கலுக்கு கேப் புக் பண்ண நினைப்பவர் ஆங்கிலத்தில் முதல் எழுத்தை டைப் செய்யும்போதே யோசிக்க வேண்டியிருக்கிறது. 'ஈ' போடுவதா, 'ஐ' போடுவதா? நடுவில் வருவது ஆங்கிலத்தின் நான்காவது எழுத்தான 'டி'யா, இருபதாவது எழுத்தான 'டி'யா? ஒன்றா, இரண்டா? தமிழில் எழுதினால் அந்த இரண்டு எழுத்தும் ஒரே 'டி'யாகத் தெரிவதுதான் இதில் வேடிக்கை. குழப்பத்தின் பாதிக் காரணமும் அங்கேதான் இருக்கிறது.

மெட்ரோ போர்டில் ஒரு ஸ்பெல்லிங், கடை போர்டில் இன்னொன்று, கூரியர் கவரில் மூன்றாவது. மேப்பின் குரல் "எக்கட்டுதங்கல்" என்று புதிதாக ஒரு ஊரையே உருவாக்கிவிடுகிறது. கடைசியில் டிரைவரிடமிருந்து போன் வரும். "சார், எங்க நிக்கறீங்க? கரெக்டா சொல்லுங்க."

'ஸ்பெல்லிங்ல என்ன இருக்கு?' என்று கேட்கலாம். இந்த ஊர் விஷயத்தில் நிறையவே இருக்கிறது.

காடு எப்படி காட்டு ஆனது?

தாங்கல் என்றால் நீர் தங்கும் இடம், பாசனத்துக்கான ஏரி. வேடந்தாங்கல், பழவந்தாங்கல், அய்யப்பன்தாங்கல் எல்லாம் இந்த வகைப் பெயர்கள்தான். ஈக்காடு, தாங்கல் என்ற இரண்டு சொற்களும் சேரும்போது தமிழ் இலக்கணம் இரண்டு வேலை செய்கிறது. வீடு 'வீட்டு வாசல்' ஆவது போல, காடு 'காட்டு' ஆகிறது. அடுத்து வரும் தகரம் இரட்டித்து 'த்தா' ஆகிறது.

தமிழில் ஒரு வல்லின எழுத்து எப்படி ஒலிக்கும் என்பதை அது நிற்கும் இடம் தீர்மானிக்கிறது. 'காடு' என்பதில் தனியாக வரும் டு மென்மையாக ஒலிக்கும். 'காட்டு' என்பதில் இரட்டித்து வரும் ட்டு அழுத்தமாக ஒலிக்கும். அதனால் நான்காவது எழுத்தைப் போடுகிறவர் 'ஈக்காடு' என்ற மூலச் சொல்லை எழுதுகிறார். இருபதாவது எழுத்தை இரண்டு முறை போடுகிறவர் சேர்ந்த பெயரை எழுதுகிறார். இரண்டு பேர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. எது அதிகாரபூர்வமானது என்பதை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சொல்லத்தான் ஆள் இல்லை.

ஆங்கில போர்டைப் பார்த்துப் படிக்கிறவருக்கு இந்த இலக்கணம் தெரிய வாய்ப்பில்லை. வட மாநிலத்திலிருந்து வந்து சென்னையில் டெலிவரி வேலை பார்க்கும் இளைஞருக்கு அந்த போர்டு மட்டும்தான் வழிகாட்டி. அவர் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தைக் குறில் எகரமாகப் படித்தால் தப்பு அவருடையதல்ல.

டிவியின் அடியில் ஓடும் தமிழ்

சரி, ஆங்கிலம்தான் அப்படி. தமிழிலாவது ஒரே மாதிரி எழுதுகிறார்களா என்றால், அதுவும் இல்லை. 'ஈக்காடுதாங்கல்' என்று ஒற்றெழுத்தெல்லாம் உதிர்ந்த வடிவத்தையும் பார்க்கலாம். 'எக்காட்டுத்தாங்கல்' என்று நெடில் குறிலாகிப்போன வடிவமும் கண்ணில் படும்.

இத்தனைக்கும் இது டிவிக்காரர்கள் ஊர். புதிய தலைமுறை, ஜெயா டிவி இரண்டின் அலுவலகங்களும் இந்த வட்டாரத்தில்தான். செய்தி வாசிப்பவரும், செய்தியின் அடியில் ஓடும் வரிகளை டைப் செய்பவரும் தினமும் இந்த மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி வேலைக்கு வருகிறார்கள்.

பள்ளிப் பாடப்புத்தகத்தை மூடி வைத்த பிறகு, பெரும்பாலானவர்கள் தினமும் படிக்கும் தமிழ் எது? செல்போனில் வருவது ஒன்று, டிவியின் அடியில் ஓடுவது இன்னொன்று. அந்த ஓடும் வரியில் ஒரு ஊரின் பெயர் மாறி மாறி வந்தால், பார்க்கிறவர் மனதில் 'எப்படி எழுதினாலும் சரிதான் போல' என்று பதிந்துவிடும். பிரேக்கிங் நியூஸ் அவசரத்தில் ஒற்றுப்பிழையைத் தேட யாருக்கும் நேரமில்லை என்பது உண்மை. ஆனால் ஊர்ப் பெயர்களுக்கு ஒரே ஒரு பட்டியலை கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்தால், அவசரத்திலும் சரியான பெயரே வந்து விழும். கிரிக்கெட் வீரர்களின் பெயருக்குக் காட்டும் அக்கறையில் பாதி போதும்.

2020இல் நடந்த முயற்சி

தமிழ்நாடு அரசு இதைச் சரிசெய்ய ஒரு முறை முயன்றது. தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப 1,018 ஊர்களின் ஆங்கில ஸ்பெல்லிங்கை மாற்றும் அரசாணை 2020 ஜூனில் வெளியே வந்தது. எக்மோர் எழும்பூராகவும், டிரிப்ளிக்கேன் திருவல்லிக்கேணியாகவும் ஆங்கிலத்திலேயே எழுதப்படும் என்பது நல்ல யோசனைதான். ஆங்கிலேயர் நாக்கு புரளாமல் விட்டுச்சென்ற பெயர்களை இன்னும் எத்தனை காலம் சுமப்பது?

சிக்கல் பட்டியலுக்குள் இருந்தது. வேலூரின் 'வே' நெடில் என்பதைக் காட்ட 'ஈ' என்ற ஆங்கில எழுத்தை இரண்டு முறை போட்டார்கள். ஆங்கிலம் படித்த யாரும் அதை 'வீலூர்' என்றுதான் வாசிப்பார்கள். மீம் போடுகிறவர்களுக்கு அன்று தீபாவளி. கோயம்புத்தூரின் 'கோ'வும் நெடில்தான். ஆனால் அதற்கு ஒற்றை 'ஓ' மட்டும்தான் கிடைத்தது. ஒரே பட்டியலில் ஒரு நெடிலுக்கு ஒரு நீதி, இன்னொரு நெடிலுக்கு வேறு நீதி. அதுவரை 9 எழுத்தில் இருந்த தூத்துக்குடியின் ஆங்கிலப் பெயர் 14 எழுத்தாக நீண்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மாதமே அரசாணை திரும்பப் பெறப்பட்டது.

அந்த முயற்சி சறுக்கியதற்குத் தமிழ்ப் பற்று காரணமல்ல. எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்ற விதியை முதலில் முடிவு செய்து, மக்களிடம் காட்டிக் கருத்துக் கேட்காமல், நேராக போர்டை மாற்றப் போனதுதான் தவறு.

செல்போன் ஏன் குழம்புகிறது?

ஈக்காட்டுத்தாங்கல் என்ற பெயர் கண்ணுக்கு 10 எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது 18 குறியீடு. காரணம், யூனிகோடு முறையில் புள்ளியும் கால் போன்ற உயிர்க்குறிகளும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேமிக்கப்படுகின்றன. ட், த் என்ற இரண்டு ஒற்றுகளை விட்டுவிட்டு எழுதினால் 4 குறியீடுகள் காணாமல் போகும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தேடும் சாதாரண மென்பொருளுக்கு அது வேறொரு சொல்.

ஆங்கிலத்திலும் இதே கதை. ஒலியை வைத்துப் பெயர்களைத் தேட 'சவுண்டெக்ஸ்' என்ற முறைக்கு அமெரிக்காவில் 1918இலேயே காப்புரிமை வாங்கினார்கள். அது பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற மெய்யெழுத்துகளை எண்களாக மாற்றும். ஆங்கிலக் குடும்பப் பெயர்களுக்கு அது சரிப்பட்டு வரும். ஈக்காட்டுத்தாங்கலை ஒருவர் 'ஈ'யிலும் மற்றொருவர் 'ஐ'யிலும் தொடங்கினால் அந்த முறைக்கு இரண்டும் இரண்டு ஊர். இன்றைய மேப்கள் இதைவிட எவ்வளவோ புத்திசாலிகள்தான். ஆனால் வங்கி, கூரியர், அரசு அலுவலகம் ஆகியவற்றின் படிவங்களுக்குப் பின்னால் இருக்கும் மென்பொருள் எல்லாமே அவ்வளவு புத்திசாலி இல்லை. ஒரு ஆவணத்தில் ஒரு ஸ்பெல்லிங், அடுத்ததில் இன்னொன்று என்றால், அட்ரஸ் புரூஃப் செல்லாது என்று திருப்பி அனுப்பப்படுவதும் நடக்கும். அரை நாள் லீவு போட்டு மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டியது மென்பொருள் அல்ல, மனிதர்.

'லொகேஷன் அனுப்பினா போச்சு'

"இந்தக் காலத்துல யாரு ஸ்பெல்லிங் பார்க்கறா? லொகேஷன் ஷேர் பண்ணிட்டா வந்துடுவாங்க." இது பலரும் சொல்லும் பதில். தினசரி வேலைக்கு அது சரி. அவசரத்துக்கு?

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு சுமார் 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாறு கரை தாண்டியது. ஆற்றை ஒட்டிய ஈக்காட்டுத்தாங்கல் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று. கரன்ட் இல்லை, டவர் இல்லை. உதவி கேட்டுப் போன தகவல்களில் பல, வெறும் எழுத்தில் இருந்த முகவரிகள். அவற்றைத் தன்னார்வலர்கள் சமூக ஊடகங்களிலிருந்து திரட்டிப் பட்டியல் போட்டார்கள். ஒரே ஊர் நாலு ஸ்பெல்லிங்கில் இருந்தால், அந்த ஊரில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று எண்ணக்கூட முடியாது. தேடுகிறவர் டைப் செய்த ஸ்பெல்லிங்கில் இல்லாத குடும்பம் அவர் கண்ணில் படாது.

வெள்ளம் வேண்டாம். ராத்திரி 2 மணிக்கு 108க்கு போன் செய்யும் ஒரு பாட்டிக்கு லொகேஷன் அனுப்பத் தெரியாது. அவர் வாயால் சொல்வது ஊர்ப் பெயரும் தெருப் பெயரும்தான். எதிர்முனையில் இருப்பவர் அந்தப் பெயரை டைப் செய்ததும் திரையில் சரியான இடம் வந்தாக வேண்டும்.

எண்கள் கைகொடுக்காதா? 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த பின்கோடு இன்றும் பயன்படுகிறது. ஆனால் ஈக்காட்டுத்தாங்கல் முகவரிகளில் வரும் 600032 ஒரு தெருவைக் காட்டாது. 2025இல் அஞ்சல் துறை கொண்டுவந்த டிஜிபின், நாடு முழுவதையும் சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 10 இலக்கக் குறியீடு தருகிறது. இயந்திரங்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் ஆட்டோக்காரரிடம் பத்து இலக்கத்தை யாரும் ஒப்பிக்கப் போவதில்லை. பதறும் நேரத்தில் மனிதர் வாயில் வருவது பெயர்தான்.

என்ன செய்யலாம்?

இதற்குப் பெரிய பட்ஜெட் தேவையில்லை. தமிழ்நாட்டின் எல்லா ஊர், பகுதிப் பெயர்களுக்கும் அரசு ஒரு திறந்த பட்டியல் வெளியிடலாம். முதலில் தமிழ்ப் பெயர், ஒற்றெழுத்து பிசகாமல். அதன் பக்கத்தில் ஒரே விதிப்படி எழுதிய ஆங்கில ஸ்பெல்லிங் ஒன்று. அதற்குக் கீழே இன்று புழக்கத்தில் இருக்கும் மற்ற ஸ்பெல்லிங்குகள் அத்தனையும். கூடவே சரியான உச்சரிப்பின் ஒலிப்பதிவும், மேப்பில் இடமும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் தங்கள் ஆப்பில் சேர்த்துக்கொள்ளலாம். டிவி நிறுவனங்கள் செய்தி டைப் செய்யும் மென்பொருளில் ஏற்றிக்கொள்ளலாம். 108 மையமும் அதையே பயன்படுத்தலாம்.

பழைய ஸ்பெல்லிங்கை யாரும் அழிக்க வேண்டியதில்லை. 1996இல் மெட்ராஸ் சென்னையானது. 2019இல் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எம்.ஜி.ஆர். பெயர் வந்தது. ஆனாலும் ரயில்வேயின் உள்குறியீடு இன்றும் மெட்ராஸ் காலத்து 'எம்ஏஎஸ்'தான். டிக்கெட் எடுப்பவர் யாரும் அதனால் வழி தவறவில்லை. வெளியே தெரியும் பெயர் மக்கள் மொழியில் இருக்கட்டும், உள்ளே இருக்கும் குறியீடு எல்லா வடிவங்களையும் தாங்கட்டும். 2020இன் அரசாணை ஆயிரம் போர்டுகளை மாற்றப் பார்த்தது. அதற்கு முன்னால் போட வேண்டியது இந்தப் பட்டியலைத்தான்.

'தாங்கல்' என்ற சொல் அந்த இடத்தில் ஒரு காலத்தில் தண்ணீர் நின்றது என்று சொல்கிறது. ஆங்கிலத்தில் பாதியாகத் தேய்ந்த ஸ்பெல்லிங்கைப் பார்த்து வீடு வாங்குகிறவருக்கு அந்தத் தகவல் போய்ச் சேராது. பெயரைச் சரியாக எழுதுவதில் மொழிப் பெருமை மட்டும் இல்லை, மழைக்காலத்துக்கான எச்சரிக்கையும் இருக்கிறது.