முசான் கோட்டை... யாரோட கோட்டை?

2025-ல வந்த 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' பார்த்துட்டு ஆளாளுக்கு "கிராஃபிக்ஸ் சூப்பர், முசான் கெத்து"ன்னு எழுதறாங்க. கிராஃபிக்ஸ் சரி. கெத்து எங்கேருந்து வந்துச்சு சாமி?

கோட்டையை ஆட்டி வைக்கிறது நகிமேவோட பீவா. அவ தந்தியைத் தட்டினா அறை புரளும், தரை கூரையாகும், சேர்ந்து வந்தவங்க திசைக்கு ஒருத்தரா சிதறுவாங்க. முசான்? வெயிலுக்குப் பயந்து, அவ தயவுல உள்ளே பதுங்கிக் கிடக்கிறவன். மொத்த சிஸ்டத்தையும் ஒரே சர்வர்ல ஓட்டினா என்னாகும்னு எங்க ஆபீஸ்ல நேத்து சேர்ந்த பையனுக்கே தெரியும் (பேக்கப்பும் கிடையாது!).

2020-ல முடிஞ்ச மங்காவைப் படிங்க (கதை தெரியக்கூடாதுன்னா இங்கேயே நிறுத்திக்குங்க). யுஷிரோ நகிமேயைத் தன் கட்டுப்பாட்டுக்குள்ள கொண்டு வந்ததும், முசானே அவளைக் கொல்றான். கோட்டை பொலபொலன்னு சரியுது. இவனையா தலைவன்ங்கறீங்க?