குழந்தையின் முகம் யாருக்குச் சொந்தம்?

பதினாறு வயது நிரம்பாத பிள்ளைகள் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கலாகாதென்று ஆஸ்திரேலியா இயற்றிய சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் அமலுக்கு வந்ததிலிருந்து, நமக்கும் அப்படியொரு சட்டம் வேண்டுமா என்ற விவாதம் இங்கே ஓய்ந்தபாடில்லை; இந்த வாரம் அதைப் பற்றித்தான் எழுதுவதாக இருந்தேன். நம்முடைய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, பதினெட்டு வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தைகளாகவே பாவிக்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளும் நிறுவனங்கள் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்துப் பெற வேண்டுமென்கிறது. அவர்களை வேவு பார்த்து விளம்பரங்களை ஏவலாகாதென்று தடுக்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. ஆனால் இந்தக் கடமைகள் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவதற்கு அதிலிருந்து பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது.

இணையத்தில் குழந்தைகளைக் காக்கும் விஷயத்தில் எங்கள் அம்பத்தூருக்கும் ஓர் இடமுண்டு. சிறுவர்கள் சம்பந்தப்பட்ட பாலியல் காட்சிகளைக் கைப்பேசியில் வைத்திருந்ததாக ஒருவர் மீது 2020 ஜனவரியில் அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பதிவான வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் அது சுப்ரீம் கோர்ட்டு வரை சென்று, இத்தகைய காட்சிகளை அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதே போக்சோ சட்டப்படி குற்றமாகக்கூடும் என்ற 2024 செப்டம்பர் 23-ஆம் தேதித் தீர்ப்புக்குக் காரணமாயிற்று. இதையெல்லாம் விஸ்தாரமாக எழுத எண்ணியிருந்த என் மனத்தைச் சி.டி.எச். சாலையில், திருமுல்லைவாயலைத் தாண்டி ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் நின்ற பேனர் வேறு திசைக்குத் திருப்பிவிட்டது.

பேனர்களைப் பற்றி நான் எத்தனை முறை முறையிட்டிருக்கிறேன் என்பது இந்தப் பத்தியின் வாசகர்களுக்குத் தெரியும். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் வந்த ஓர் இளம் பெண்ணின் உயிர் போன பின்பும் நமக்குப் புத்தி வரவில்லையே என்று அப்போது எழுதியதை மீண்டும் எழுதச் சலிப்பில்லை. ஆனால் இந்த வாரம் என்னை வருத்தியது பேனரின் சட்டமும் கம்பமுமல்ல, அதிலிருந்த முகம். மஞ்சள் நீராட்டு விழா என்ற தலைப்பின் கீழே, பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்கு மேற்படாத ஒரு சிறுமி, தலை நிறைய அலங்காரத்தோடு, ஆள் உயரத்துக்கு நிற்கிறாள். பக்கத்தில் அவள் பெயர், தகப்பனார் பெயர், தெரு, நாள், நேரம்.

முற்காலத்தில் இந்தச் சடங்கு நடக்கவில்லையா என்று கேட்பார்கள். நடந்தது. தாய்மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்டினார். உளுந்தங்களியும் நல்லெண்ணெயுமாகக் குழந்தையின் தேகத்தைத் தேற்றினார்கள். அத்தைமாரும் பாட்டிமாரும் சூழ்ந்து நலங்கு வைத்தார்கள். அந்தச் சமாசாரம் உற்றார் உறவினரோடு நின்றது; காலப்போக்கில் மறந்தும் போயிற்று. இன்றோ ஸ்டுடியோக்காரர் எடுத்த படம் அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் பாட்டோடு ரீல்ஸாக ஏறுகிறது. சித்தப்பா ஸ்டேட்டஸில் வைக்கிறார். முன்பின் தெரியாதவன் அதைத் தன் கைப்பேசியில் சேமித்துக்கொள்கிறான். ஒரு முகத்தை எடுத்து எந்த உடலிலும் பொருத்திவிடக்கூடிய கருவிகள் மலிந்துவிட்ட இந்நாளில் அந்தப் படம் எந்த ரூபத்தில் திரும்பி வரும் என்று யார் சொல்ல முடியும்?

எங்கள் தெருவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி, தன் விழாக் காட்சியைப் பள்ளிப் பையன்கள் பார்த்துப் பேசுகிறார்கள் என்று இரண்டு நாள் பள்ளிக்கே போகாமல் இருந்துவிட்டு, “தாத்தா, அதை எடுத்துடச் சொல்லுங்க” என்று என்னிடம் வந்து நின்றாள். அவள் தாயாரோ, “எல்லாரும் பார்த்து ஆசீர்வாதம் பண்ணட்டும்னுதான் ஐயா போட்டோம்” என்று கண் கலங்கினார். அந்தத் தாயின் அன்பில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. அந்த அன்புக்கு மகளின் மனத்தைக் கேட்டறிய வேண்டுமென்று தோன்றாமற் போனதே என்பதுதான் என் விசனம்.

பதின்வயதினருக்கு இன்ஸ்டாகிராம் தரும் தனிக் கணக்கு, அந்நியர் பார்வைக்கு மூடியதாகவே தொடங்குகிறது. பதினாறு வயதுக்குக் குறைந்தவர் அதைத் திறக்கப் பெற்றோரின் அனுமதி வேண்டும். அந்தச் சிறுமியின் கணக்கும் பூட்டித்தான் இருந்தது. அவள் முகம் வேறொருவர் பக்கத்தில் திறந்து கிடந்தது. மேற்சொன்ன தரவுச் சட்டமும், ஒருவர் தம் சொந்த, குடும்பக் காரியங்களுக்காகக் கையாளும் தரவுக்குத் தான் பொருந்தாதென்று விலக்கு அளித்துவிடுகிறது. ஆகவே வாயிற்காவல் முழுவதும் பெற்றோரிடமே இருக்கிறது. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையின் பெயர், படம், முகவரி, பள்ளி, குடியிருக்கும் பகுதி ஆகியவற்றைப் பத்திரிகைகள் வெளியிடலாகாதென்று போக்சோவின் 23-ஆம் பிரிவு தடை செய்திருப்பதே, இவ்விவரங்கள் ஒரு குழந்தைக்கு எவ்வளவு அபாயகரமானவை என்பதை உணர்ந்துதான். எந்தத் தீங்கும் நேராத குழந்தைகளின் அதே விவரங்களை நாமே மண்டபத்து வாசலிலும், மதிப்பெண்ணோடும் பள்ளிப் பெயரோடும் டியூஷன் சென்டர் பேனர்களிலும் அச்சிட்டு வைக்கிறோம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அவ்வுரிமை வயது வந்தோருக்கு மட்டுமென்று அவர்கள் சொல்லவில்லை. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் அம்பத்தூரிலும் விழா எடுக்கும் பெற்றோரை நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வது இதுதான்: சடங்கைச் செய்யுங்கள், சீர் வரிசை வாங்குங்கள், விருந்து வையுங்கள், படங்கள் ஆல்பத்தில் இருக்கட்டும். ஸ்டுடியோவுக்கு முன்பணம் கொடுக்கும்போதே, எந்தப் படத்தையும் வெளியிடலாகாதென்று எழுதி வாங்கிவிடுங்கள். ஏற்கெனவே வெளியானதை யாரேனும் தகாத வழியில் உபயோகித்தால், மானத்துக்கு அஞ்சி மறைக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக உங்கள் மகளிடம் கேளுங்கள். அவள் வேண்டாமென்று சொன்னால், காரணம் கேட்காமல் பேனர் ஆர்டரை நிறுத்திவிடுங்கள்.