கற்பனைக்குக் கல்வெட்டுச் சாட்சி எதற்கு?

நெய்வேலி நகரியத்தில் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தார் 1998 முதல் நடத்திவரும் புத்தகக் கண்காட்சிக்கு மாலை வேளைகளில் சென்று, புத்தகங்களைப் பார்ப்பதோடு நில்லாமல், வாங்கிக்கொண்டு போகிறவர்களின் பைகளையும் ஓரக்கண்ணால் பார்க்கும் துர்ப்பழக்கம் எனக்கு உண்டு. காலை ஷிப்டு முடித்து, வீட்டுக்குப் போய்க் குளித்து, திருநீறு இட்டுக்கொண்டு குடும்பத்தோடு வருகிற சுரங்கத் தொழிலாளி ‘பொன்னியின் செல்வ’னின் ஐந்து பாகங்களையும் ஒரே கட்டாக வாங்கிக்கொள்கிறார், பொறியியல் படிக்கும் அவருடைய மகனோ, டிராகன்கள் பறக்கும் அட்டைப்படம் போட்ட ஆயிரம் பக்க ஆங்கில நாவல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, தந்தையின் சம்மதத்தை எதிர்பார்த்து நிற்கிறான். தாம் வாங்கியது சரித்திரம், ஆகையால் பிரயோஜனமுள்ளது என்றும், பிள்ளை கேட்பது வெறும் மாயாஜாலம், ஆகையால் காசுக்குக் கேடு என்றும் தந்தையார் கருதுவது அவர் முகத்திலேயே தெரிந்துவிடும். தமிழ்நாட்டின் படித்த வர்க்கத்தார் நெடுங்காலமாக அளித்துவரும் தீர்ப்பும் ஏறக்குறைய இதுதான். இரண்டு பைகளிலும் இருப்பது ஒரே ஜாதிப் புத்தகம் என்பதும், அதை ஒப்புக்கொள்ள நாம் கூச்சப்படுவதால் நம்முடைய இலக்கியத்துக்கே நஷ்டம் நேர்ந்திருக்கிறது என்பதும் என் அபிப்பிராயம்.

அந்த இளைஞனைப் போன்றவர்கள் நாலு பேர் சேர்ந்து பேசுவதைக் கேட்டவர்களுக்கு அவர்களுடைய உற்சாகம் எத்தகையது என்பது தெரிந்திருக்கும். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் என்னும் அமெரிக்க ஆசிரியர் தம்முடைய பெருங்கதையின் ஐந்தாம் பாகத்தை 2011-ல் வெளியிட்டுவிட்டு, ஆறாம் பாகத்தை ஆண்டுக்கணக்காக எழுதிக்கொண்டே இருப்பதைப் பற்றி, பாகப்பிரிவினை வழக்கில் வாய்தா மேல் வாய்தா வாங்கும் பங்காளியைப் பற்றிப் பேசுவதுபோல் அவர்கள் மனம் கசந்து பேசுவார்கள். ராபர்ட் ஜோர்டான் 2007-ல் காலமானபோது முடிவுறாமல் நின்றுபோன ‘தி வீல் ஆஃப் டைம்’ வரிசையை, அவர் விட்டுச் சென்ற குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் என்ற இளைய எழுத்தாளர் 2013-ல் பதினான்காம் பாகத்தோடு பூர்த்தி செய்துவைத்த கதையைச் சொல்லும்போது, குருவின் ஆசையை நிறைவேற்றிய சிஷ்யனைப் போற்றுகிற பக்தி அவர்கள் குரலில் வந்துவிடும். எந்த நாவல் படமாகிறது, எந்த வேஷத்துக்கு எந்த நடிகர், கதைக்குள் வரும் தேசப்படத்தில் எந்த மலைக்கு வடக்கே எந்த நதி பாய்கிறது என்பன போன்ற சமாசாரங்கள் அனைத்தும் அவர்களுக்கு மனப்பாடம்.

இதைக் கேட்டுச் சிரிக்கிற பெரியவர்கள், தங்கள் தாய் தந்தையர் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரையில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதைச் சற்று விசாரித்துப் பார்க்க வேண்டும். ‘பொன்னியின் செல்வ’னைத் தொடராக வெளியிட்ட ‘கல்கி’ வாரப் பத்திரிகை வருகிற நாளன்று அதை யார் முதலில் படிப்பது என்று வீட்டுக்குள் நடந்த பூசல்களும், கதையில் வரும் நந்தினியின் பிறப்பு ரகசியத்தைப் பற்றித் திண்ணைகளில் நடந்த வாதப் பிரதிவாதங்களும், மணியம் வரைந்த சித்திரங்களைக் கத்தரித்தெடுத்து, அத்தியாயங்களோடு சேர்த்துப் பைண்டு செய்து பெட்டியில் பூட்டிவைத்த அபிமானமும், இன்றைய இளைஞனுடைய வெறிக்கு எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல. தொடர் முடிந்தபோது, இவ்வளவு சடுதியில் முடித்துவிடலாமா என்று வாசகர்கள் கோபித்துக்கொள்ள, ஆசிரியர் கல்கியவர்கள் ஒரு முடிவுரை எழுதிச் சமாதானம் சொல்ல நேர்ந்தது. அந்தச் சமாதானத்திலும் தாகம் அடங்காதவர்களுக்காகத்தான் போலும், பின்னாளில் விக்கிரமன் ‘அமுதசுரபி’யில் ‘நந்திபுரத்து நாயகி’யை எழுதிக் கதையை மேலே கொண்டுபோனார். எம்.ஜி.ஆர். இந்த நாவலைப் படமாக்கும் உரிமையை 1958-ல் பெற்றார். அது மணிரத்னத்தின் கையில் திரைக்கு வந்ததோ 2022 செப்டம்பரில். இடைப்பட்ட அறுபத்து நான்கு ஆண்டுகளில் இன்னார் வந்தியத்தேவன், இன்னார் குந்தவை என்று உலவிய வதந்திகளை எண்ணிப் பார்த்தால், மார்ட்டினுடைய வாசகர்களின் காத்திருப்பு நமக்குப் பாலபாடமாகத் தோன்றும்.

கால ஒற்றுமை ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1954 மே மாதத்தில் கல்கி தம் தொடரை முடித்தார். அதே ஆண்டு ஜூலையில் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் டோல்கீன் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலின் முதற்பாகத்தை வெளியிட்டார். அறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2022-ல், மார்ட்டினின் டிராகன் வம்சக் கதை ஆகஸ்டிலும், டோல்கீனின் உலகத்தைத் தழுவிய தொடர் செப்டம்பர் தொடக்கத்திலும், கல்கியின் சோழர் கதை செப்டம்பர் கடைசியிலுமாக மூன்றும் ஒன்றரை மாதத்துக்குள் திரையில் வந்து சேர்ந்தன. மூன்றையும் ஒரே ஆவலோடு பார்த்த நெய்வேலிப் பிள்ளைகளுக்கு, அவற்றுள் ஒன்று சரித்திரம், மற்றவை மாயாஜாலம் என்ற பேதம் மனத்தில் பட்டிருக்கும் என்று நான் நம்பவில்லை.

பேதம் எவ்வளவு மெல்லியது என்பதை அறிய நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. நகரியத்திலிருந்து சேத்தியாத்தோப்பு வழியாகத் தெற்கே சென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் வீராணம் ஏரிக்கரையை அடைந்துவிடலாம். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையேறி வந்து வியந்து நின்ற வீரநாராயண ஏரி அதுதான். பராந்தக சோழனின் காலத்தில் அவன் மகன் இராஜாதித்தனால் வெட்டப்பட்டதாகச் சொல்லப்படும் அந்த ஏரி, 2004 முதல் சென்னைப் பட்டணத்துக்குக் குழாய் வழியே குடிநீர் அனுப்பிக்கொண்டிருக்கிறது. கரையோரமாகவே காட்டுமன்னார்கோயிலுக்குப் போனால், உடையார்குடி அனந்தீசுவரர் ஆலயத்துச் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இராஜராஜன் பட்டமேறிய இரண்டாம் ஆண்டைச் சேர்ந்த அந்தச் சாசனம், அவனுடைய தமையன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாஸன், பரமேசுவரன் முதலானோரைப் பெயர் சொல்லி, அவர்களுடைய உற்றார் உறவினரின் சொத்துக்கள் பறிமுதலான விவகாரத்தைத் தெரிவிக்கிறது. கொலை ஏன் நடந்தது, ஏவியவர் யார் என்பதைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தின்மீது நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழனைச் சந்தேகித்து எழுதினார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். கல்கியோ, சரித்திர ஆசிரியர்களுக்கு இல்லாத சுதந்திரத்தோடு, ரவிதாஸன் என்ற வெறும் பெயருக்கு ஆந்தைபோல் அலறும் குரலையும் மந்திரவாதியின் வேஷத்தையும் நள்ளிரவுச் சதியாலோசனையையும் கொடுத்தார். எந்தச் சாசனத்திலும் இல்லாத நந்தினியைச் சிருஷ்டித்து, ஐந்து பாகங்களின் சூத்திரக் கயிற்றை அவள் கையில் ஒப்படைத்தார். ஆழ்வார்க்கடியானும் பூங்குழலியும் அவ்விதம் பிறந்தவர்களே. கல்லில் இருப்பது சில வரிகள். நாம் காதலித்ததும் கண்ணீர் விட்டதும் மற்றதற்காகத்தான்.

ஆயினும் அதை மாயக்கதை என்று சொன்னால் நம்மவர்களுக்குக் கோபம் வருகிறது. கற்பனையில் ஆனந்திப்பது குழந்தைத்தனம் என்று எந்தக் காலத்திலோ நமக்குள் ஒரு பயம் புகுந்துவிட்டபடியால், அரசர் பெயர் ஒன்றையும் கல்வெட்டு எண் ஒன்றையும் கையில் பிடித்துக்கொண்டுதான் அந்த ஆனந்தத்துக்குள் பிரவேசிக்கிறோம். அதன் பலனைத் திரைப்படம் வந்த சமயத்தில் பார்த்தோம்: சோழர் எந்தச் சமயத்தினர், எந்தக் குலத்தினர், எவருக்குச் சொந்தமானவர்கள் என்ற சண்டை மேடைகளிலும் தொலைக்காட்சியிலும் வாரக்கணக்கில் நடந்தது. நந்தினி என்ற பாத்திரம் எவ்வளவு நுட்பமாகப் படைக்கப்பட்டிருக்கிறது என்று பேசியவர்கள் சொற்பம். இதைவிடப் பெரிய தீங்கு எழுதுகிறவர்களுக்கு நேர்ந்திருக்கிறது. பிரம்மாண்டமாக ஒன்றைக் கற்பனை செய்ய விரும்பும் தமிழ் இளைஞன், வாளும் குதிரையும் அந்தப்புரமும் சதியும் கொண்ட ராஜ்யத்தைத் தவிர வேறு வாசலே இல்லையென்று எண்ணிவிடுகிறான். சாண்டில்யனுக்குப் பிறகு வந்த சரித்திரத் தொடர்களில் பாதிக்கு மேற்பட்டவற்றை நான் பொறுமையோடு வாசித்திருக்கிறேன். சோழனுக்குப் பதிலாகப் பல்லவனையும், பல்லவனுக்குப் பதிலாகப் பாண்டியனையும் மாற்றி வைத்தாலும் ஒரு வாக்கியமும் கெட்டுப்போகாத புத்தகங்கள் அவற்றுள் நிறைய உண்டு.

நம்முடைய கிராமங்களில் இந்தக் கூச்சம் ஒருபோதும் இருந்ததில்லை. நெய்வேலியைச் சூழ்ந்த பழைய தென்னார்க்காட்டுச் சீமை முழுவதிலும் திரௌபதியம்மன் கோயில் திருவிழா வந்துவிட்டால், பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்துமாக நாட்கணக்கில் நடக்கும். தபசு மரத்தின் உச்சிக்கு அர்ச்சுனன் ஏறுவதையும், கர்ணன் சாய்வதையும், மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் படுகளத்தில் வீழ்வதையும், கதை முழுதும் தெரிந்த ஜனங்கள் விடிய விடியக் கண்விழித்து, என்ன நடக்கப் போகிறதோ என்று நெஞ்சு பதைத்துப் பார்ப்பார்கள். மழை பொய்த்தால் விராட பர்வம் படிக்கச் சொல்வது வழக்கம். கர்ணன் வாழ்ந்த நூற்றாண்டு எது என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை. அந்த ரசிகர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று டிராகன் கதையின் அடுத்த பாகத்துக்காகக் காத்திருக்கிறார்கள். 1947 முதல் வெளிவந்த ‘அம்புலிமாமா’வில் வேதாளத்தை வாரா வாரம் அல்ல, மாதா மாதம் முருங்கை மரத்திலிருந்து இறக்கிக்கொண்டிருந்த தலைமுறை நடுவில் இருக்கிறது.

உயர்ந்த இலக்கியம் இதிலிருந்து பிறக்குமா என்று கேட்பவர்களுக்கு ஜெயமோகன் பதில் சொல்லிவிட்டார். எந்தத் தேசப்படத்திலும் இல்லாத ஒரு கோயில் நகரத்தை நிர்மாணித்து, தத்துவ விசாரமும் விசித்திரக் கற்பனையும் பின்னிய ‘விஷ்ணுபுரம்’ 1997-ல் வெளிவந்தது; 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரையில் நாளுக்கு ஓர் அத்தியாயமாக எழுதி, மகாபாரதத்தை இருபத்தாறு நாவல்களாக விரித்த ‘வெண்முரசு’, அளவில் உலகத்தின் எந்தப் பெருங்கதை வரிசையோடும் நிற்கக்கூடியது. அதை நாள்தோறும் விடியுமுன் வாசித்தவர்களின் நிஷ்டை, நான் மேலே சொன்ன இளைஞர்களுடைய நிஷ்டையேதான். அதற்கு இலக்கிய மரியாதை கிடைத்ததும், இதற்குக் கேலி கிடைப்பதும் நியாயமாகத் தெரியவில்லை.

இளைஞர்கள் பேரிலும் எனக்கு ஒரு குறை உண்டு. சமாசாரத்தை அறியும் ஆவலில் நூலை அறியும் ஆவல் கரைந்துபோகிறது. முன்னோட்டப் படத்தில் அரை நிமிஷம் தெரிந்த ஒரு கிரீடத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவர்களில் பலர், அந்த நாவலை நூறு பக்கத்துக்கு மேல் தாண்டியிருப்பதில்லை. டோல்கீனின் மலைகளையெல்லாம் பெயர் சொல்லக்கூடிய பிள்ளை, வீராணத்தின் கரையில் ஒரு தடவைகூடக் கால் வைத்திருக்கமாட்டான்.

அங்கே கால் வைக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. அவன் பிறந்த ஊரே போதும். இந்த நகரியத்தின் அடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதையுண்ட ஒரு காடு பழுப்பு நிலக்கரியாகக் கிடக்கிறது. அந்தக் கரிப்படலத்தின் கீழே பெருத்த அழுத்தத்தோடு நீர் அடைபட்டிருக்கிறது. இரவு பகலாக அதை இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால், சுரங்கத்தின் தரையைப் பெயர்த்துக்கொண்டு மேலே கிளம்பிவிடும். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருப்பாக வெளிப்பட்டது கரியென்று தெரியவர, 1956-ல் நிறுவனம் தோன்றி, 1957 மே மாதத்தில் நேருஜி சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். கிராமங்கள் பெயர்ந்தன, குலதெய்வங்கள் இடம் மாறின, பல மாடி உயரத்துக்கு நிமிர்ந்து சக்கரம் சுழற்றி மண்ணைத் தின்னும் ஜெர்மானிய யந்திரங்கள் வந்தன, இறைத்த நீர் பரவனாற்று வழியே வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் ஓடி வயல்களில் பாய்கிறது. கீழே வெள்ளம், அதன்மேல் எரியக் காத்திருக்கும் காடு, அதன்மேல் வட்டம் வட்டமாக வகுக்கப்பட்ட நகரம், அதன் எல்லையில் நிலத்தை இழந்தவர்களின் தீராத வழக்கு. எந்த டிராகன் ஆசிரியருக்காவது இப்படியொரு ஸ்தலம் வாய்த்திருந்தால் ஏழு பாகம் எழுதியிருப்பார். நம்மிடம் இதைப் பற்றிப் புள்ளிவிவரங்களும் மனுக்களும் உண்டு. இதையே மூலப்பொருளாகக் கொண்ட பெரிய அற்புதக் கதை ஒன்றை நான் இன்னும் படிக்கவில்லை.

ஆகவே கண்காட்சி நடத்துவோருக்கு ஒரு விண்ணப்பம். சிறுகதைப் போட்டிக்குப் பரிசு கொடுத்து எழுத்தாளர்களைக் கௌரவிக்கும் நல்ல வழக்கம் நெய்வேலியில் உண்டு. அதனோடு, இந்தச் சுற்றுவட்டாரத்தைக் களமாகக் கொண்ட அற்புதக் கதைக்கென்று தனிப் பரிசு ஒன்றை ஏற்படுத்தி, அதை நீதியரசர்களும் பேராசிரியர்களும் அமர்ந்திருக்கும் மேடையிலேயே, மற்றப் பரிசுகளுக்குச் சமமான தொகையோடு வழங்க வேண்டும். நிபந்தனை ஒன்றே ஒன்று: கதையில் அரசர் எவரும் வரக் கூடாது. வந்தே தீருவேன் என்று ஓர் அரசர் பிடிவாதம் பிடித்தால், அவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை என்பதைத் தேர்வுக் குழுவினர் முன்கூட்டியே ஊர்ஜிதம் செய்துகொள்ளட்டும்.