நடுரோட்டில் கார் நின்றால் யார் வருவார்? மலிவு திட்டம் எடுக்கும் முன் மடக்கிக் கேளுங்கள்!

கார் வாங்கியவர்கள் எல்லோரும் இன்சூரன்ஸ் எடுக்கிறார்கள். எடுத்த கையோடு நிம்மதியாக இருந்து விடுகிறார்கள். "வழியில வண்டி படுத்துக்கிட்டா இன்சூரன்ஸ்காரன் பார்த்துக்குவான்" என்பது அவர்கள் நினைப்பு.

பார்த்துக் கொள்ள மாட்டான்!

கார் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பொறுமையாகப் படித்தால் தெரியும். எந்திரக் கோளாறு, மின்சாரக் கோளாறு, தேய்மானம் ஆகியவற்றுக்கு நஷ்டஈடு கிடையாது என்று அதிலே எழுதியிருக்கிறது. பேட்டரி இறங்கினாலும் சரி, கிளட்ச் வயர் அறுந்தாலும் சரி, ரேடியேட்டர் கொதித்தாலும் சரி, அது கார்க்காரர் பாடு.

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் எடுத்தவர்கள் கதை இன்னும் மோசம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயமான அந்த இன்சூரன்ஸ், அடுத்தவருக்கு ஏற்படும் நஷ்டத்துக்குத்தான். சொந்த வண்டிக்கு நயாபைசா கிடைக்காது.

விபத்தில் கார் நொறுங்கினால் பக்கத்து ஒர்க்ஷாப்புக்கு இழுத்துப் போகும் செலவை முழு இன்சூரன்ஸ் தரும். ஆனால் வழக்கமான பாலிசியில் அதற்கு உள்ள வரம்பு ரூ.1,500 தான். ராத்திரி நேரத்தில் ஊருக்கு வெளியே மாட்டிக் கொண்டவரிடம் ரிகவரி வண்டிக்காரர் என்ன கேட்பார் என்பது பட்டவர்களுக்குத் தெரியும். அங்கே பேரம் பேச முடியாது. கேட்டதுதான் விலை!

மூன்று கடை, ஒரே சரக்கு

இதற்காகத்தான் "சாலையோர உதவித் திட்டம்" என்று தனியாக ஒன்று விற்கிறார்கள். ரோடுசைடு அசிஸ்டன்ஸ் என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். வண்டி நின்ற இடத்துக்கு ஆள் வரும். பேட்டரிக்கு உயிர் கொடுக்கும். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னி மாட்டும். முடியாவிட்டால் ஒர்க்ஷாப்புக்கு இழுத்துப் போகும்.

இந்தச் சரக்கு மூன்று கடைகளில் கிடைக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனி, பாலிசியோடு கூடுதல் சேர்க்கையாகத் தருகிறது. கார் கம்பெனி, புதுக் காரோடு சில ஆண்டுகளுக்குத் தருகிறது. மூன்றாவதாக, இதையே தொழிலாக நடத்தும் கம்பெனிகள் ஆண்டுச் சந்தா வாங்கிக் கொண்டு தருகின்றன.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். புதுக் காருக்கு ஏற்கெனவே கம்பெனி திட்டம் இருக்கும். ஷோரூமில் இன்சூரன்ஸ் போடும்போது அதிலும் ஒன்றைச் சேர்த்து விடுவார்கள். ஒரே காருக்கு இரண்டு திட்டம்! வண்டி நின்றால் இரண்டு ரிகவரி வண்டியா வரப் போகிறது?

ஆகையால் முதல் வேலை, வீட்டில் இருக்கும் காகிதங்களைப் புரட்டிப் பார்ப்பதுதான். காரோடு வந்த புத்தகம், பாலிசியின் கூடுதல் சேர்க்கைப் பட்டியல், கிரெடிட் கார்டு சலுகைத் தாள் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். ஏற்கெனவே இருந்தால் காசு மிச்சம்.

கிலோ மீட்டரில் இருக்கிறது சூட்சுமம்

திட்டத்தின் விலையை மட்டும் பார்ப்பவர்கள் கோட்டை விடுகிறார்கள். பார்க்க வேண்டியது, எத்தனை கிலோ மீட்டர் இலவசமாக இழுப்பார்கள் என்பதை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு திட்டத்தின் விலை ரூ.400, 20 கிலோ மீட்டர் இலவசம், அதற்கு மேல் கிலோ மீட்டருக்கு ரூ.40 என்று வைத்துக் கொள்வோம். இன்னொன்று ரூ.1,200, 60 கிலோ மீட்டர் இலவசம்.

திண்டிவனம் போகிற வழியில் கார் நிற்கிறது. ஒர்க்ஷாப் 60 கிலோ மீட்டர் தூரத்தில். முதல் திட்டக்காரர் மீதி 40 கிலோ மீட்டருக்கு ரூ.1,600 எடுத்து வைக்க வேண்டும். ஆக மொத்தம் ரூ.2,000. இரண்டாவது திட்டக்காரருக்கு ரூ.1,200-ஓடு சரி.

அதே கார் அசோக் நகரில் நின்று, ஒர்க்ஷாப் வடபழனியில் இருந்தால்? முதல் திட்டக்காரர்தான் கெட்டிக்காரர்!

ஆகவே கார் எங்கே ஓடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் மலிவும் விலை அதிகமும். ஆபீசுக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் போகும் காருக்குச் சின்னத் திட்டம் போதும். பொங்கல், தீபாவளிக்குக் குடும்பத்தோடு திருநெல்வேலி, தஞ்சாவூர் என்று கிளம்புகிறவர்கள் கிலோ மீட்டர் அதிகம் உள்ளதைத்தான் எடுக்க வேண்டும். அந்தக் கிலோ மீட்டர் ஒருவழிக் கணக்கா, போகவரக் கணக்கா என்பதையும் கேட்டுவிட வேண்டும். போகவர என்றால் பாதித் தூரம்தான் கிடைக்கும்.

"இலவசம்" என்பதன் அர்த்தம்

"பெட்ரோல் தீர்ந்தால் கொண்டு வந்து தருவோம்" என்பார்கள். கொண்டு வருவதுதான் பெரும்பாலும் இலவசம். பெட்ரோலுக்குக் காசு தர வேண்டும். "அந்த இடத்திலேயே ரிப்பேர்" என்பார்கள். கூலிதான் இலவசம்; சாமான் விலை தனி.

"வருஷம் முழுக்க எத்தனை தடவை வேணும்னாலும் கூப்பிடலாமா சார்?" என்று கேட்டால் பல இடங்களில் பேச்சு தடுமாறும். ஆண்டுக்கு இத்தனை முறைதான் என்று வரம்பு இருக்கும். பணம் கட்டிய உடனே திட்டம் அமலுக்கு வருமா, சில நாள் கழித்தா என்பதும் முக்கியம். நாளைக் காலை ஊருக்குப் புறப்படுகிறவர் இன்று இரவு பணம் கட்டிப் பிரயோசனம் இல்லாமல் போகலாம்.

வீட்டு வாசலிலேயே கார் கிளம்பவில்லை என்றால் வருவார்களா என்றும் கேட்க வேண்டும். பேட்டரி உயிரை விடுவது பெரும்பாலும் வீட்டு வாசலில்தான்.

டோச்சன் கட்டி இழுத்தால் போச்சு!

அந்தக் காலம் போல எல்லா வண்டியையும் டோச்சன் கட்டி இழுத்துவிட முடியாது. ஆட்டோமேட்டிக் கியர் கார், மின்சாரக் கார் ஆகியவற்றை ஓடு சக்கரம் தரையில் உருள இழுத்தால் கியர் பெட்டியோ, மோட்டாரோ சேதமாகலாம். அவற்றை மேலே தூக்கி ஏற்றிச் செல்லும் தட்டு வண்டி வேண்டும். பிளாட்பெட் என்கிறார்களே, அது. மலிவுத் திட்டத்தில் அந்த வண்டி வருமா என்று கேட்காமல் பணம் கட்டக் கூடாது.

சில புதுக் கார்களில் ஸ்டெப்னியே கிடையாது. பஞ்சர் அடைக்கும் பெட்டி மட்டும் தருகிறார்கள். டயர் பக்கவாட்டில் கிழிந்தால் அந்தப் பெட்டி உதவாது. இழுத்துத்தான் போக வேண்டும்.

மழையில் சாவியைத் தொடாதீர்கள்

சென்னைக்காரர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தையும் பார்த்த ஊர் இது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களைக் கொண்டு போய் வரிசையாக நிறுத்தினார்கள். சூடுபட்ட பூனை!

தண்ணீரில் நின்றுபோன காரை "ஒரு தடவை செல்ப் அடிச்சுப் பார்ப்போம்" என்று சாவியைத் திருப்புவதுதான் பெரிய தப்பு. என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அத்தோடு என்ஜின் காலி. பழுது பார்க்காமல் வண்டியை ஓட்டிக் கூடுதல் சேதம் வந்தால் அது உரிமையாளர் பொறுப்பு என்று பாலிசியிலேயே இருக்கிறது. அதைக் காட்டிக் கம்பெனி கையை விரிக்கலாம். என்ஜின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்க்கை எடுத்தவர்களுக்கே அதில் ஓரளவு தெம்பு.

ஆகவே தண்ணீரில் நின்ற காருக்கு ஒரே வைத்தியம், தொடாமல் விட்டுத் தூக்கிச் செல்வதுதான். சாலையோர உதவித் திட்டம் உண்மையிலேயே காசைக் காப்பாற்றுவது இந்த இடத்தில்தான். ஆனால் ஊரே மூழ்கும் நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் போன் போடுவார்கள். அன்றைக்கு உடனே ஆள் வரும் என்று யாரும் நம்பி இருக்க வேண்டாம்.

பழைய காருக்குக் கதவடைப்பு

இதில் ஒரு பெரிய அநியாயம் இருக்கிறது. அடிக்கடி மக்கர் பண்ணுவது எந்தக் கார்? பழைய கார். அதை ஓட்டுவது யார்? கையில் காசு குறைவாக உள்ளவர், செகண்ட் ஹேண்டில் வாங்கியவர், வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர். ஆனால் பல கம்பெனிகள் காருக்கு வயது வரம்பு வைத்து, அதைத் தாண்டினால் திட்டம் இல்லை என்கின்றன. வாடகைக் காருக்குச் சொந்தக் கார் திட்டம் பெரும்பாலும் செல்லாது.

நோயாளிக்கு வைத்தியம் இல்லை, திடகாத்திரமானவனுக்கு டாக்டர் என்றால் எப்படி? பழைய காருக்குக் கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொள்ளட்டும். முறைகளைக் குறைத்துக் கொள்ளட்டும். அடியோடு கதவடைப்பது நியாயமில்லை.

அதுவரை பழைய கார்க்காரர்கள் தங்கள் பேட்டை மெக்கானிக்கை நம்பத்தான் வேண்டும். "அண்ணே, வண்டி நின்னுபோச்சு" என்றால் சைக்கிளில் வந்து நிற்கும் மெக்கானிக் பலருக்கு இருக்கிறார். பேட்டரிக்கு மூன்று, நான்கு வயதாகிவிட்டால் சோதித்துப் பார்ப்பது, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பது, ஜாக்கியும் ஜம்பர் வயரும் டிக்கியில் வைத்திருப்பது... இவற்றை விட மலிவான திட்டம் எந்தக் கம்பெனியிடமும் கிடையாது.

1033 தெரியுமா?

தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் 1033 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். சுங்கச்சாவடி நடத்துபவர்கள் ரோந்து வண்டியும் கிரேனும் வைத்திருக்க வேண்டும். சுங்கம் கட்டுகிற ஒவ்வொருவருக்கும் இது உரிமை. காரைச் சாலையில் இருந்து அப்புறப்படுத்த இது உதவும். ஊர்வரை இழுத்து வரும் என்று எதிர்பார்க்க முடியாது. நகரத் தெருக்களுக்கும் இது பொருந்தாது.

ராத்திரியில் கார் நின்றால் முதலில் நாலு பக்கமும் விளக்கை மினுக்க விட்டு, எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வைத்து, குடும்பத்தைச் சாலை ஓரத்துக்கு வெளியே அழைத்துச் சென்றுவிட வேண்டும். நின்ற காரின் பின்னால் லாரி மோதிய செய்திகள் குறைவில்லை. போன் போடுவது அதற்கு அப்புறம்தான்.

முதல் பக்கத்தில் போடட்டும்!

கம்பெனிகள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எத்தனை கிலோ மீட்டர், எத்தனை முறை, எந்த மாதிரி ரிகவரி வண்டி, எத்தனை வயது வரை, இலவசத்தில் சேராதது எது என்ற ஐந்தையும் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில், தமிழில் அச்சடிக்க வேண்டும். விளம்பரத்துக்குத் தமிழ் தெரிகிறது. நிபந்தனைக்கு மட்டும் தெரியாதா?

ரிகவரி வண்டிகளுக்கு ஆட்டோ மீட்டர் போல ஒரு கட்டண அட்டவணையை அரசு நிர்ணயித்து, வண்டியின் கதவிலேயே எழுத வைக்க வேண்டும். மீட்டர் போட்ட ஆட்டோவிலேயே சூடு வைக்கிறார்கள் என்பார்கள். இருக்கட்டும். எழுதி வைத்த கட்டணம் இருந்தால்தானே எதிர்த்துக் கேட்க முடியும்?

அடுத்த முறை பாலிசி புதுப்பிக்கச் சொல்லி ஏஜெண்ட் போன் போடும்போது, "எவ்வளவு குறைச்சுத் தர்றீங்க?" என்று மட்டும் கேட்டு விட்டுவிடக் கூடாது. "வண்டி நின்னா எத்தனை கிலோ மீட்டர் இழுப்பீங்க?" என்றும் கேட்க வேண்டும். பதிலை எழுத்தில் வாங்கிக் கொண்டு, அப்புறம் பணம் கட்டினால் போதும்.