மூளைக்குத் தாளம் போடும் பிரேக்

சந்திப்பில் நிற்கும் போலீஸ்காரர் கையை உயர்த்துகிறார். கார், பஸ், ஸ்கூட்டர் எல்லாம் வந்து குவிகின்றன. கை இறங்கியதும் மொத்தமாகப் பாய்கின்றன. மூளைக்குள்ளும் ஏறக்குறைய இதேதான் நடக்கிறது. அங்கே கை வினாடிக்கு 40 தடவை ஏறி இறங்குகிறது.

ஜெர்மன் டாக்டர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலில் பதிவு செய்தார். அவற்றில் வினாடிக்குச் சுமார் 30 முதல் 80 முறை துடிக்கும் வேகமான அலைக்குப் பெயர் காமா. எதையாவது கூர்ந்து பார்க்கும்போது இது வலுக்கிறது.

இந்தத் தாளத்தைப் போடுவது யார்? மூளையின் மேலடுக்கில் சுமார் ஐந்தில் ஒரு பங்கே உள்ள தடுப்பு நியூரான்கள். மற்ற நியூரான்கள் 'கிளம்பு' என்கின்றன. இவற்றுக்குத் தெரிந்தது 'நில்' மட்டுமே. இவை காபா என்ற ரசாயனத்தை அண்டை நியூரான்கள் மீது பாய்ச்சுகின்றன. காபா பட்டதும் அங்குள்ள ஏற்பிகள் திறக்கின்றன. குளோரைடு உள்ளே நுழைகிறது, நியூரான் மௌனமாகிறது. சில மில்லி செகண்டுகளில் பிடி தளர, அடங்கிக் கிடந்தவை ஒன்றாக விழித்து முழங்குகின்றன. அந்த முழக்கமே தடுப்பு நியூரான்களை மறுபடி உசுப்புகிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் 25 மில்லி செகண்ட். ஏற்பி மூடத் தாமதமானால் தாளமும் மந்தமாகும்.

மைல்ஸ் விட்டிங்டன், ரோஜர் டிராப், ஜான் ஜெஃப்ரிஸ் மூவரும் 1995இல் எலி மூளைத் துண்டில் இதைக் காட்டினார்கள். 'கிளம்பு' என்னும் வேகமான செய்திகளை மருந்தால் நிறுத்திய பிறகும், தடுப்பு நியூரான்கள் தாமாகவே தாளம் போட்டன. 2009இல் அமெரிக்க விஞ்ஞானிகள் உயிருள்ள சுண்டெலியின் தடுப்பு நியூரான்களை ஒளியால் தூண்டியபோது காமா எழும்பியது.

இதில் நோயாளிகளுக்கு என்ன லாபம்? ஸ்கிஸோஃப்ரினியா நோயாளிகளிடம் இந்தத் தாளம் தடுமாறுவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சுப்ரதிம் ராய் குழு, முதியவர்களைத் திரையில் கோடுகளைப் பார்க்கச் சொல்லி மூளை அலைகளைப் பதிவு செய்தது. அல்ஸைமர் நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்களிடம், அதே வயதுள்ள ஆரோக்கியமானவர்களைவிட காமா பலவீனமாக இருந்ததை 2021இல் அறிவித்தது. நோயாளிகளின் எண்ணிக்கை சொற்பம்தான். ஆனால் மற்ற ஸ்கேன்களைவிட இந்தப் பதிவு மலிவு. நோயை முன்கூட்டியே பிடிக்க உதவலாம்.

சிகிச்சை விஷயத்தில்தான் அவசரம் தெரிகிறது. வினாடிக்கு 40 முறை மினுக்கும் விளக்கு, சுண்டெலி மூளையில் அல்ஸைமர் படிவுகளைக் குறைத்ததாக 2016இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. குழு அறிவித்தது. மினுக்கும் விளக்குகள் விற்பனைக்கே வந்துவிட்டன. 2023இல் நியூயார்க்கின் ஜியார்ஜி புஸாகி குழு அதே சோதனையைச் செய்தபோது படிவு குறையவில்லை. மூளையின் சொந்தத் தாளத்தையும் விளக்கு ஈர்க்கவில்லை.

நினைவு தேயும் பெரியவரை வைத்துத் தவிக்கும் குடும்பத்துக்கு விளக்கு வாங்கும் ஆசை வருவது இயல்பு. பணத்தை எடுக்கும் முன் தங்கள் டாக்டரை ஒரு வார்த்தை கேட்பது நல்லது. தாளம் போடுபவர் உள்ளே சோர்ந்திருந்தால், வெளியே கைதட்டி என்ன பயன் என்பது இன்னும் தீராத கேள்வி.